ராம்சே மக்டொனால்டு: ஏழையாய்ப் பிறந்த பிரதமரை வீழ்த்திய பத்து சதவீதம்

1931-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை இரவு.

லண்டன் மாநகரில், 10, டவுனிங் தெரு. இங்கிலாந்துப் பிரதம மந்திரியின் வீடு. வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மந்திரிகள் காத்து நிற்கிறார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து, நியூயார்க் பாங்கிக்காரர்களிடமிருந்து, ஒரு செய்தி வரவேண்டும். இங்கிலாந்துக்குக் கடன் கிடைக்குமா, கிடைக்காதா என்பது அதில் தெரிந்துவிடும்.

சூரியன் மறையாத சாம்ராஜ்யம் என்று பெயர் வாங்கிய நாடு, கடனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது!

அந்த மந்திரிகளுக்குத் தலைவர் ராம்சே மக்டொனால்டு. வட்டமேஜை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் என்று நம் நாட்டில் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவரிடம் மன்னர் ஒப்படைத்த வேலை ஒரு நாட்டை ஆள்வது. உலகம் அவர் தலையில் ஏற்றிய சுமையோ வேறு. அந்தச் சுமைக்குப் பெயர் பொருளாதார மந்தம். அதைத் தாங்க மாட்டாமல் அவர் எடுத்த ஒரு முடிவு, நாற்பது வருஷம் அவர் கட்டிய வீட்டை ஒரே இரவில் இடித்தது.

குடிசையில் பிறந்தவர்

ஸ்காட்லாந்தின் வடகரையில் லாசிமவுத் என்று ஒரு மீனவர் கிராமம். 1866-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி அங்கே மக்டொனால்டு பிறந்தார். தாய் ஆன் ராம்சே, பண்ணைகளில் வேலை செய்தவள். தகப்பன் ஏர் ஓட்டும் கூலியாள். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. தாயும் பாட்டியும்தான் பையனை வளர்த்தார்கள்.

தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஒரு சிறிய ஊரில் என்ன மரியாதை கிடைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் பையன் படிப்பில் சூரன். பள்ளிக்கூடத்தை விட்டுக் கொஞ்ச நாள் வயல் வேலைக்குப் போனவனை, அதே பள்ளிக்கூடத்து ஆசிரியர் கூப்பிட்டு, சின்ன வாத்தியார் வேலை கொடுத்தார். படித்துக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை.

1886-ல் பிழைப்புத் தேடி லண்டன் வந்தார். கையில் காசு இல்லை. தெரிந்த மனிதர் இல்லை. முதலில் உறைகளில் விலாசம் எழுதும் வேலை. பிறகு ஒரு கிடங்கில் பில் எழுதும் குமாஸ்தா. பகலில் பேரேடு, இரவில் படிப்பு. விஞ்ஞானப் பரீட்சை எழுதி உபகாரச் சம்பளம் பெற வேண்டும் என்று ஆசை. அரை வயிற்றுச் சாப்பாட்டோடு இரவெல்லாம் கண்விழித்ததில், பரீட்சைக்குச் சற்று முன்பு உடம்பு படுத்துவிட்டது. பரீட்சையும் போயிற்று.

ஊரை விட்டு வந்து, ஒண்டுக்குடித்தனத்தில் இருந்துகொண்டு, இரவுப் பள்ளியில் படித்தவர்கள் இந்த மும்பையிலும் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்கு அந்த வாலிபனின் ஏமாற்றம் புரியும்.

கட்சியைக் கட்டினார்

விஞ்ஞானம் கைவிட்டது, அரசியல் கைகொடுத்தது. ஒரு லிபரல் கட்சிப் பிரமுகரிடம் அந்தரங்கக் காரியதரிசியாகச் சேர்ந்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார். சோஷலிஸ்டுகளோடு பழகினார். 1896-ல் மார்கரெட் கிளாட்ஸ்டன் என்ற பெண்ணை மணந்தார். அவள் ஒரு விஞ்ஞானியின் மகள், வசதியான குடும்பம். உழைக்கும் பெண்களுக்காக ஓயாமல் வேலை செய்தவள்.

1900-ம் ஆண்டில் தொழிலாளர் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்புவதற்காக ஒரு கமிட்டி அமைந்தது. அதன் காரியதரிசி மக்டொனால்டு. அந்தக் கமிட்டிதான் பிறகு தொழிற்கட்சி ஆயிற்று. 1906 தேர்தலில் 29 பேர் ஜெயித்தார்கள். லீஸ்டர் தொகுதியில் அவரும் ஜெயித்தார்.

1909-ல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். திரும்பிப் போய் இந்தியாவின் விழிப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1911-ம் ஆண்டுக் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகிக்க அவரை அழைத்திருந்தார்கள். அவரால் வர முடியவில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் மனைவி இறந்துபோனாள். அதற்கு முந்தைய வருஷம், ஒரே மாதத்தில், தொண்டை அடைப்பான் நோய்க்கு ஒரு மகனையும், சில நாட்களில் தாயையும் பறிகொடுத்திருந்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பின்னர், இந்திய அரசுப் பணிகளைப் பற்றி ஆராய அமைந்த கமிஷனில் கோகலேயோடு ஓர் அங்கத்தினராக இருந்தார்.

ஊரே எதிர்த்தது

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. நாடு முழுவதும் யுத்த வெறி. மக்டொனால்டு மட்டும் இங்கிலாந்து இந்தச் சண்டையில் இறங்கக் கூடாது என்றார். கட்சி அவர் பேச்சைக் கேட்கவில்லை. தலைவர் பதவியை ராஜினாமா செய்தார்.

அவர் பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ஒரு பத்திரிகை அவருடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, அவர் கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்தவர் என்று ஊரறிய அச்சடித்தது. சொந்த ஊர் கோல்ப் சங்கம் அவரை நீக்கியது. 1918 தேர்தலில் தோற்கடிக்கப்பட்டார். அப்போதும் கொள்கையை விடவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதவிக்கு ஆசைப்பட்டுக் கொள்கையை விற்றவர் என்று பிற்காலத்தில் அவரைத் தூற்றினார்கள். ஆனால் கொள்கைக்காகப் பதவியை உதறித் தள்ளியதும் இதே மனிதர்தான்.

1922-ல் மறுபடியும் பார்லிமெண்டுக்கு வந்தார். 1924 ஜனவரியில், இங்கிலாந்தின் முதல் தொழிற்கட்சிப் பிரதம மந்திரி ஆனார். பண்ணைக்காரியின் மகன் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன்னால் போய் நின்றார்!

கடன் சங்கிலி

அந்த முதல் ஆட்சி ஒன்பது மாதம்தான். அதற்குள் லண்டனில் ஒரு மாநாடு கூட்டினார். ஜெர்மனி கட்டவேண்டிய யுத்த நஷ்டஈட்டைப் பற்றிய மாநாடு அது. அமெரிக்கப் பணக்காரர் டாஸ் தலைமையில் தயாரான திட்டம் அங்கே ஏற்கப்பட்டது.

அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால், பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

யுத்தத்தில் தோற்ற ஜெர்மனி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நஷ்டஈடு கட்டவேண்டும். பிரான்சும் இங்கிலாந்தும் யுத்தச் செலவுக்காக அமெரிக்காவிடம் வாங்கிய கடனை அடைக்கவேண்டும். ஜெர்மனியிடம் பணம் ஏது? அமெரிக்கப் பாங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. அந்தக் கடனில் ஜெர்மனி நஷ்டஈடு கட்டியது. அந்த நஷ்டஈட்டில் பிரான்சும் இங்கிலாந்தும் அமெரிக்கக் கடனைக் கட்டின. ஒரே பணம்தான் சமுத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அமெரிக்கா கொடுக்கும் வரை சக்கரம் சுழலும். அமெரிக்கா கையை இழுத்துக்கொண்டால்?

இன்னொரு முடிச்சும் இருந்தது. 1925-ல் கன்சர்வேடிவ் ஆட்சியில் சர்ச்சில் நிதி மந்திரி. இங்கிலாந்தின் நாணயமான பவுனை மறுபடியும் தங்கத்தோடு கட்டினார். அதுவும் யுத்தத்துக்கு முந்தைய பழைய விலையில், ஒரு பவுனுக்கு 4 டாலர் 86 சென்ட் என்ற கணக்கில். யார் பெருந்தொகைக்கு நோட்டுகளைக் கொண்டுவந்தாலும், பாங்க் ஆப் இங்கிலாந்து அதற்கு ஈடாகத் தங்கக் கட்டி கொடுக்கவேண்டும். கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் பவுன் விலை கூடியதால் இங்கிலாந்து நிலக்கரியும் துணியும் வெளிநாட்டாருக்கு விலை கூடிப்போயின. விற்பனை குறைந்தது. விலையைக் குறைக்க முதலாளிகள் சுரங்கத் தொழிலாளியின் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள். 1926-ல் நடந்த பெரிய பொது வேலைநிறுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இடி விழுந்தது

1929 மே மாதத் தேர்தலில் தொழிற்கட்சிக்கு 287 இடங்கள். முதல் தடவையாக அதுவே பெரிய கட்சி. ஆனால் தனி மெஜாரிட்டி இல்லை. ஜூன் மாதம் மக்டொனால்டு இரண்டாவது முறை பிரதமர் ஆனார். இந்தத் தடவை அவர் ஜெயித்த தொகுதி சீஹாம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த இடம்.

அக்டோபரில் அமெரிக்கா போனார். பதவியில் இருக்கும்போது அமெரிக்கா போன முதல் பிரிட்டிஷ் பிரதமர் அவர்தான். ஜனாதிபதி ஹூவரோடு காட்டில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, கப்பற்படைகளைக் குறைப்பது பற்றிப் பேசினார். நியூயார்க்கில் பிரமாண்ட வரவேற்பு.

அந்த மாதம் முடிவதற்குள் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து விழுந்தது. அக்டோபர் 24, பிறகு 29. பங்குகளில் போட்ட பணம் ஆவியாய்ப் போயிற்று. அமெரிக்கா வெளிநாடுகளுக்குக் கொடுத்துவந்த கடன் வற்றியது. 1930 ஜூனில், தன் விவசாயியையும் தொழில் முதலாளியையும் காப்பாற்றுவதாகச் சொல்லி, வெளிநாட்டுச் சரக்குகள் மீது அமெரிக்கா சுங்கவரியை உயர்த்தியது. கடனையும் கொடுக்க மாட்டேன், சரக்கையும் வாங்க மாட்டேன் என்றால், கடன்காரன் எதைக்கொண்டு பாக்கியைக் கட்டுவான்? மற்ற நாடுகளும் பதிலுக்குக் கதவைச் சாத்தின.

இங்கிலாந்தில் 1929 நடுவில் வேலை இல்லாதவர்கள் சுமார் 11½ லட்சம். 1930 கடைசியில் 25 லட்சம். கப்பல் கட்டும் துறைகளில் சுத்தியல் ஓசை அடங்கியது. சுரங்கங்கள் மூடப்பட்டன.

வழி தெரியவில்லை

வேலை கொடுக்கும் பொறுப்பை ஜே. எச். தாமஸ் என்ற மந்திரியிடம் மக்டொனால்டு ஒப்படைத்தார். தாமஸ் ரெயில் எஞ்சின் துடைக்கும் பையனாக வேலைக்குச் சேர்ந்து, எஞ்சின் ஓட்டி, ரெயில்வே தொழிலாளர் சங்கத்தின் தலைவராக உயர்ந்தவர். நல்ல பேச்சுக்காரர். ஆனால் இந்தப் பூதத்தை அடக்கும் மந்திரம் அவரிடம் இல்லை.

மந்திரிசபையில் ஜூனியரான ஆஸ்வால்டு மோஸ்லி, சர்க்கார் கடன் வாங்கிப் பெரிய வேலைகளைத் தொடங்கவேண்டும் என்று ஒரு திட்டம் கொடுத்தார். நிராகரிக்கப்பட்டது. 1930 மே மாதம் அவர் ராஜினாமா செய்தார். கோபத்தோடு போனவர், பிற்பாடு பாசிஸ்டுக் கட்சி தொடங்கியது தனிக்கதை. பொருளாதார நிபுணர் கெயின்ஸ், கஷ்ட காலத்தில் சர்க்கார் செலவைக் கூட்டவேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தார். மக்டொனால்டு அவரை ஆலோசனை சபையில் வைத்துக்கொண்டார். ஆலோசனையை மட்டும் ஏற்கவில்லை.

நிதி மந்திரி பிலிப் ஸ்னோடன், நெசவாளியின் மகன், பழைய சோஷலிஸ்டு. ஆனால் கணக்கில் மகா கண்டிப்பு. வரவுக்குள் செலவு, தங்கத்தோடு கட்டிய நாணயம், சுங்கவரி இல்லாத வியாபாரம், இந்த மூன்றும் அவருக்கு வேதம். ஒரு குடும்பம் கஷ்டத்தில் செலவைச் சுருக்குவதுபோல் நாடும் சுருக்கவேண்டும் என்று நினைத்தார். மக்டொனால்டும் அப்படியே நினைத்தார். ஒரு குடும்பம் சுருக்கினால் அந்த வீட்டோடு போகும். நாடே சுருக்கினால் கடைக்காரனுக்கு வியாபாரம் போய், ஆலைக்காரனுக்கு ஆர்டர் போய், வேலைக்காரனுக்கு வேலை போகும் என்பது அவர்கள் பார்வைக்குப் படவில்லை.

1931 மே 11-ந் தேதி ஆஸ்திரியாவின் மிகப்பெரிய பாங்கியான கிரெடிட் அன்ஸ்டால்ட் தள்ளாடுவது வெளியாயிற்று. ஜூலையில் ஜெர்மன் பாங்கிகள் கதவைச் சாத்தின. ஹூவர் ஒரு வருஷத்துக்கு நஷ்டஈடும் யுத்தக் கடனும் கட்டவேண்டாம் என்று அறிவித்தும் பயன் இல்லை. ஜெர்மனியில் லண்டன் போட்டிருந்த பணம் சிக்கிக்கொண்டது. பயந்துபோன வெளிநாட்டார் லண்டனில் தாங்கள் போட்டிருந்த பணத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். பாங்க் ஆப் இங்கிலாந்தின் தங்கம் நாள்தோறும் கரைந்தது.

அந்தச் சமயம் பார்த்து, ஜூலை 31-ந் தேதி, செலவைக் குறைக்க அமைந்த மே கமிட்டியின் அறிக்கை வெளியாயிற்று. பட்ஜெட்டில் 12 கோடி பவுன் துண்டு விழும். 9½ கோடிக்கு மேல் செலவை வெட்டவேண்டும். வேலை இல்லாதவர்களின் உதவித்தொகையில் 20 சதவீதம் குறைக்கவேண்டும் என்றது அறிக்கை. கஜானா காலி என்று சர்க்காரே தண்டோரா போட்டது போலாயிற்று. பணம் இன்னும் வேகமாக வெளியேறியது.

பதினொன்றும் ஒன்பதும்

நியூயார்க்கிலும் பாரிசிலும் கடன் கேட்டார்கள். செலவை வெட்டிக் காட்டினால்தான் கடன் புரளும் என்ற நிலை. 20 சதவீத வெட்டு பத்தாகக் குறைந்தது. வேலை இல்லாத ஓர் ஆணுக்கு வாரம் 17 ஷில்லிங் கொடுத்தார்கள். பத்து சதவீதம் குறைந்தால் 15 ஷில்லிங் 3 பென்ஸ்.

ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஷில்லிங். பெரிய மனிதர்களுக்கு அது ஒன்றுமில்லை. வேலை இல்லாதவன் வீட்டில் அது ரொட்டி, அடுப்புக்கரி, குழந்தையின் பால். தொழிற்சங்கத் தலைவர்கள் வெட்டுக்குச் சம்மதிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மக்டொனால்டின் வாதமும் லேசானது அல்ல. பவுன் வீழ்ந்தால் விலைவாசி ஏறும். அந்தப் பதினைந்து ஷில்லிங்குக்கும் மதிப்பு இருக்காது. பத்து சதவீதத்தைக் கொடுத்து மீதியைக் காப்பாற்றுகிறேன் என்பது அவர் கணக்கு. 1923-ல் ஜெர்மன் நோட்டுகள் காகிதக் குப்பையாகிப்போனதைக் கண்ட தலைமுறை அது. அவர் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

தோட்டத்தில் காத்திருந்தவர்களுக்கு அன்றிரவு நியூயார்க் செய்தி வந்தது. வெட்டைப் பார்லிமெண்டு நிறைவேற்றிய பிறகே பெரிய கடனைப் பற்றி யோசிக்கலாம். குறுகிய காலக் கடனுக்கு வழி பார்க்கலாம். இந்தச் சிக்கனத் திட்டத்துக்கு லண்டன் பாங்கிகளின் ஆதரவு உண்டா என்று அது கேட்டது. உள்ளே போய் ஒவ்வொருவர் கருத்தையும் கேட்டார்கள். வெட்டுக்கு ஆதரவு 11 பேர். எதிர்ப்பு 9 பேர். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் வெளிநாட்டு மந்திரி ஆர்தர் ஹெண்டர்சன். இரும்பு வார்ப்படத் தொழிலாளியாக இருந்தவர். கட்சியில் மக்டொனால்டுக்கு அடுத்தவர்.

மந்திரிசபை உடைந்தது. எல்லோரும் ராஜினாமா செய்வது என்று முடிவாயிற்று. மக்டொனால்டு அரண்மனைக்குப் போனார். மறுநாள் திரும்பி வந்தவர், எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து ஒரு தேசிய மந்திரிசபை அமைக்கப்போவதாகவும், அதற்கும் தாமே பிரதமர் என்றும் தெரிவித்தார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைப் போகவிடவில்லை. பத்து மந்திரிகளில் தொழிற்கட்சிக்காரர்கள் நான்கே பேர்: மக்டொனால்டு, ஸ்னோடன், தாமஸ், சாங்கி.

செப்டம்பர் 28-ந் தேதி தொழிற்கட்சி அவரை நீக்கியது. அந்தக் கட்சிக்கு முதல் காரியதரிசி அவர்! தாமசுக்கு ரெயில்வே சங்கத்தோடு இருந்த உறவு அறுந்தது; சங்கம் கொடுக்கவேண்டிய ஓய்வூதியமும் போயிற்று.

எதற்காக வெட்டினார்களோ...

ஸ்னோடன் புதிய பட்ஜெட் போட்டார். வேலை இல்லாதவர்களோடு ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், எல்லோர் சம்பளத்திலும் வெட்டு. கடற்படையில் கடைநிலை மாலுமிகள் சிலருக்கு நாலில் ஒரு பங்கு போனது. செப்டம்பர் 15-ந் தேதி ஸ்காட்லாந்தின் இன்வர்கார்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கப்பலை நகர்த்த மறுத்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையிலேயே ஸ்டிரைக் என்று உலகம் திடுக்கிட்டது. மிச்சம் இருந்த நம்பிக்கையும் போயிற்று.

செப்டம்பர் 21-ந் தேதி, இங்கிலாந்து பவுனைத் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டது.

எந்தத் தங்கத்தைக் காப்பாற்ற ஏழையின் ஒன்றே முக்கால் ஷில்லிங்கை எடுத்தார்களோ, அந்தத் தங்கம் நாலே வாரத்தில் கைவிட்டுப் போயிற்று. பவுன் 4 டாலர் 86 சென்டிலிருந்து அந்த வருஷக் கடைசிக்குள் மூன்றரை டாலருக்கும் கீழே இறங்கியது.

வானம் இடிந்து விழவில்லை! விலை குறைந்த பவுனால் இங்கிலாந்துச் சரக்கு விற்க வழி பிறந்தது. 1932-ல் பாங்கி வட்டி இரண்டு சதவீதமாக இறங்கியது. குறைந்த வட்டியில் கடன் வாங்கி வீடுகள் கட்டினார்கள். மெள்ள மெள்ள மூச்சு வந்தது. பேயென்று பயந்தது கடைசியில் மருந்தாயிற்று. ஆனால் வெட்டிய பத்து சதவீதம் 1934 நடுவில்தான் திரும்பக் கிடைத்தது.

அந்தச் செப்டம்பர் மாற்றத்தில் நம் நாடும் அகப்பட்டுக்கொண்டது. ரூபாயை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று பவுனோடு கட்டிவைத்தார்கள். பவுன் இறங்க, ரூபாயும் இறங்க, தங்கத்தின் விலை ஏறியது. விளைச்சலுக்கு விலை இல்லாமல் தவித்த விவசாயிகள் வீட்டு நகைகளை விற்றார்கள். இந்தியத் தங்கம் கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போயிற்று.

அதே நாட்களில்தான் காந்திஜி இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் இருந்தார்கள். சமூகங்களுக்குள் உடன்பாடு ஏற்படாததால், 1932 ஆகஸ்டில் மக்டொனால்டு தம் வகுப்புத் தீர்ப்பை வெளியிட்டார். அதை எதிர்த்துக் காந்திஜி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்ததும், புனா ஒப்பந்தம் உண்டானதும் நாம் அறிந்தவை.

சாத்திய கதவுகள்

1931 அக்டோபர் தேர்தலில் தேசிய மந்திரிசபைக்கு 554 இடங்கள். தொழிற்கட்சிக்கு 52. பிரமாண்ட வெற்றி. ஆனால் ஜெயித்தவர்களில் பெரும்பாலோர் கன்சர்வேடிவ்கள். மக்டொனால்டு அவர்கள் நடுவில் ஒரு கைதி மாதிரி. உதவித்தொகை வாங்குகிறவர் வீட்டுக்குள் அதிகாரிகள் புகுந்து, மகனின் சம்பளம் என்ன, விற்க என்ன சாமான் இருக்கிறது என்று சோதனை போட்டார்கள். 1932-ல் வெளிநாட்டுச் சரக்குகளுக்குப் பொதுவாக பத்து சதவீத சுங்கவரி வந்தது. மூன்று தலைமுறையாகத் திறந்திருந்த கதவை இங்கிலாந்து சாத்தியது. ஸ்னோடன் வெறுத்துப்போய் விலகினார்.

ஜெர்மனியில் நடந்தது இதைவிடப் பயங்கரம். அங்கேயும் 1930 மார்ச்சில் சோஷலிஸ்டு பிரதமர் ஹெர்மன் முல்லரின் ஆட்சி, வேலையில்லாதோர் காப்பீட்டுச் சண்டையில்தான் கவிழ்ந்தது. அடுத்து வந்த புருனிங் அவசரச் சட்டங்கள் போட்டுச் சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டினார். வேலை இல்லாதவர்கள் 60 லட்சம் ஆனார்கள். 1928-ல் 12 இடம் வைத்திருந்த ஹிட்லர் கட்சி, 1930-ல் 107 இடமும், 1932 ஜூலையில் 230 இடமும் பிடித்தது. அதே ஜூலையில் மக்டொனால்டு லாசேன் நகரில் மாநாடு நடத்தி, ஜெர்மனியின் நஷ்டஈட்டுக்கு முடிவு கட்டினார். நல்ல காரியம். ஆனால் காலம் கடந்த காரியம். 1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தான்.

கடைசி முயற்சியாக உலகப் பொருளாதார மாநாட்டை மக்டொனால்டு லண்டனில் கூட்டினார். 1933 ஜூன் 12-ந் தேதி தொடக்கம். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. சுங்கவரிகளைக் குறைக்கவும், நாணய மதிப்புகளை நிலைநிறுத்தவும் எண்ணம்.

அமெரிக்காவில் அப்போது புதிய ஜனாதிபதி ரூஸ்வெல்ட். அந்த நாட்டில் தொழிலாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ரூஸ்வெல்ட் பழைய வேதங்களைத் தூக்கி எறிந்தார். பாங்கிகளை மூடிச் சோதித்துத் திறந்தார். வாலிபர்களைக் காடு வளர்க்க அனுப்பினார். அணை கட்ட ஏற்பாடு செய்தார். ஏப்ரலில் அவரைச் சந்திக்க மக்டொனால்டு கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே, டாலரையும் தங்கத்திலிருந்து அவிழ்த்துவிட்டார். மாநாடு நடக்கும்போது, ஜூலை 3-ந் தேதி, கப்பலில் இருந்தபடியே செய்தி அனுப்பினார். சொந்த நாட்டின் வீட்டைச் சீராக்குவதே முதல் வேலை. டாலரை மற்ற நாணயங்களோடு இப்போது கட்ட முடியாது என்பது சாரம். மாநாடு அதோடு செத்தது. அந்த மாதக் கடைசியில் கலைந்தது.

ரூஸ்வெல்ட் தம் மக்களுக்குச் செய்தது சரி. மக்டொனால்டு உலகத்துக்குச் செய்ய நினைத்ததும் சரி. இரண்டும் சேராமல் போனதுதான் அந்தக் காலத்தின் சாபம். அவனவன் வீட்டுக் கதவை அவனவன் தாழிட்டுக்கொண்டான். தெருவில் ஹிட்லர் ஆயுதம் தரித்து நின்றான். 1935 மார்ச்சில், இங்கிலாந்தின் படைபலத்தைக் கூட்டவேண்டும் என்ற வெள்ளை அறிக்கை வெளிவந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர், 1914-ல் யுத்தம் வேண்டாம் என்று பதவியை விட்ட அதே மக்டொனால்டு.

சீஹாமின் தீர்ப்பு

கண்நோய்க்கு இரண்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பார்லிமெண்டில் பேசும்போது வார்த்தைகள் தடுமாறின. உறுப்பினர்கள் சிரித்தார்கள். 1935 ஜூன் 7-ந் தேதி பிரதமர் பதவியை பால்ட்வினிடம் கொடுத்தார்.

அந்த நவம்பர் தேர்தலில் சீஹாமில் மறுபடி நின்றார். எதிரி இமானுவேல் ஷின்வெல், அவருடைய மந்திரிசபையிலேயே சுரங்கத் துறை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளர்கள் பத்து சதவீதத்தை மறக்கவில்லை. 20 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் பழைய தலைவரைத் தோற்கடித்தார்கள்.

உடல்நலம் தேடித் தென் அமெரிக்காவுக்குக் கப்பலில் புறப்பட்டார். 1937 நவம்பர் 9-ந் தேதி, நடுக்கடலில், அந்தக் கப்பலிலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பிரார்த்தனை நடந்தது. அஸ்தியை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோய், லாசிமவுத்துக்குப் பக்கத்தில், மனைவியின் சமாதி அருகில் அடக்கம் செய்தார்கள். அவருடைய மகன் மால்கம் மக்டொனால்டு, இந்தியா சுதந்திரம் பெற்ற பிறகு, 1955 முதல் 1960 வரை டெல்லியில் பிரிட்டிஷ் ஹை கமிஷனராக இருந்தார்.

மக்டொனால்டைத் துரோகி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பலர் சொன்னார்கள். ஆனால் மாசச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் நமக்கு, அவர் செய்த தவறு வேறு என்று தோன்றுகிறது. பாங்கிக்காரர்களின் கணக்கு ஒன்றுதான் கணக்கு என்று அவர் நம்பினார். வேறு கணக்கு உண்டு என்று கெயின்ஸ் சொன்னார். ஸ்வீடனில் 1932-ல் பதவிக்கு வந்த சோஷலிஸ்டுகள் வேலைகளைத் தொடங்கிச் செய்து காட்டினார்கள். ரூஸ்வெல்ட் துணிந்து பார்த்தார். மக்டொனால்டுக்கு அந்தத் துணிவு வரவில்லை. யுத்த காலத்தில் ஊரையே எதிர்த்து நின்றவர், பேரேட்டின் முன்னால் பணிந்துவிட்டார்.

பில் எழுதும் குமாஸ்தாவாக அரை வயிற்றோடு படுத்த அந்த வாலிபனிடம், வாரம் ஒன்றே முக்கால் ஷில்லிங் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால், உடனே பதில் சொல்லியிருப்பான். 1931 ஆகஸ்டில் பிரதம மந்திரி அவனைக் கேட்கவில்லை.